ரம்பம் தேடி மூவாருக்கு

மூவாருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வயிற்றை நினைத்துத்தான் போகிறார்கள். காலைப் பசியாறலுக்கே சத்தே கிடைக்கிற ஊர் அது. மீ பண்டோங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஆற்றோரம் தஞ்சோங் அமாஸ் பக்கம் காற்று வாங்கலாம். 2012 பிப்ரவரியில் ஜொகூரின் அரச நகரமாக அறிவிக்கப்பட்டது முதல் ஊருக்கு ஒரு மிடுக்கும் வந்திருக்கிறது. நான் போனது இவை எதற்காகவும் அல்ல. எனக்கு ஒரு ரம்பம் தேவைப்பட்டது.

மூவாருக்கு இன்னொரு முகம் உண்டு. நாட்டின் மரத் தளவாடத் தொழிலுக்குத் தலைநகர் என்றே அதைச் சொல்லலாம். பாக்ரி, பாகோ, புக்கிட் பாசிர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தொழிற்சாலைகள். கட்டிலும் மேசையும் நாற்காலியும் இங்கிருந்து கொள்கலன்களில் ஏறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. அவற்றில் பெரும்பகுதி நம் ரப்பர் மரத்தில் செய்தவை. 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தோம், அல்லது தோட்டத்திலேயே கொளுத்தினோம். 1980களில் அதே மரம் தளவாடத்துக்கு ஏற்ற பலகையாக மதிக்கப்படத் தொடங்கியது. தாத்தாவும் பாட்டியும் விடியற்காலையில் சீவிய மரம் இன்று யாரோ ஒருவர் வீட்டில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது.

சிகாமட்டிலிருந்து ஜெமந்தா, சாகில், தங்காக் வழியாகப் போனோம். சாகிலைத் தாண்டும்போது லேடாங் மலை வலப்பக்கம் மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. வண்டியை ஓட்டியவர் என் மச்சான். தளவாடத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் இயந்திரம் பழுது பார்த்தவர். “மாப்பிள்ளை, பணத்தைக் கடைசி வரைக்கும் வெளியே காட்டாதீங்க” என்று தங்காக்கிலேயே எச்சரித்துவிட்டார்.

பணம் என்றால் 2,500 வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது என்பது வீட்டு உத்தரவு.

அறுக்க வேண்டியது என்னிடம் இருந்த மூன்று விட்டங்கள். அப்பா பிறந்த தோட்டத்து லயத்தை இடித்தபோது கேட்டு வாங்கி வந்தவை. செங்கால் மரம். கரையான் அண்டாதது. இற்றுப்போன முனைகளை வெட்டித் தள்ளியபின் ஒவ்வொன்றும் ஆறடி நீளம், ஐந்து அங்குல அகலம், மூன்று அங்குலக் கனம். ஜொகூர் பாருவில் புது வீடு வாங்கியிருக்கும் மகளுக்கு இதில் சாமி மேடை செய்து கொடுக்க வேண்டும். குடிபுகுவது தை மாதம். சிகாமட்டில் இரண்டு பலகை ஆலைகளில் கேட்டுப் பார்த்தேன். பழைய மரம் என்றதும் இரண்டு இடத்திலும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே ஒரே ஒரு ஆணி ஒளிந்திருந்தாலும் அவர்களுடைய பெரிய ரம்பம் போய்விடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

வட்ட ரம்பம் என்னிடம் இருக்கிறது. பத்து அங்குல வட்டு. அது மேசைக்கு மேல் மூன்று அங்குலத்தைச் சற்றே தாண்டித்தான் எழும்பும். ஐந்து அங்குலத்தை ஒரே மூச்சில் அறுக்காது. புரட்டிப் போட்டு இருபுறமும் அறுக்கலாம் என்றாலும் ஒவ்வொரு அறுப்புக்கும் மூன்று மில்லிமீட்டர் தூளாகப் போகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 75 மில்லிமீட்டர் கனத்தில் 17 மில்லிமீட்டர் பலகை நான்கு வேண்டும். அதற்கு மூன்று அறுப்பு. வட்ட ரம்பத்தில் பலகைக்கு 68, தூளுக்கு 9, மொத்தம் 77. மரம் போதாது, மூன்று பலகைதான் தேறும். பேண்ட்சா ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் தின்னும். 68உம் மூன்றும் 71. நான்கு பலகையும் கிடைத்து, மேல் தோலை இழைக்க நான்கு மில்லிமீட்டர் மிச்சம். ஒரு விட்டத்துக்கு ஒரு பலகை என்றால் மூன்று விட்டத்துக்கு மூன்று பலகை. இனிமேல் எங்கேயும் வாங்க முடியாத பலகைகள்.

பேண்ட்சா என்பது மேலும் கீழுமாக இரண்டு சக்கரம், அவற்றைச் சுற்றி வார்போல ஓடும் ஒரு ரம்பப் பட்டை. அவ்வளவுதான். சக்கரத்தின் விட்டத்தை வைத்துத்தான் எட்டு அங்குலம், பத்து அங்குலம், பதினான்கு அங்குலம் என்று பெயர் சொல்கிறார்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள். அந்த அளவு, பட்டைக்கும் பக்கத் தூணுக்கும் நடுவே எவ்வளவு அகலம் நுழையும் என்பதைத்தான் ஏறக்குறையக் காட்டும். எவ்வளவு உயர மரம் அறுக்கலாம் என்பது தனிக் கணக்கு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் நுழைந்தது புதுச் சாமான் விற்கும் கடை. எட்டு அங்குல இயந்திரம் ஆயிரம் வெள்ளிக்குள் இருந்தது. பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. உயரம் மூன்றே சொச்சம் அங்குலம். பொம்மை செய்பவர்களுக்கும் மெல்லிய பலகையில் வளைவு வெட்டுபவர்களுக்கும் அது போதும். பத்து அங்குலம் அடுத்த படி. அங்கே இருந்தது நாலரை அங்குலத்தோடு நின்றது. என் மரத்துக்கு அரை அங்குலம் குறைவு. பதினான்கு அங்குலத்தின் விலைச் சீட்டைப் பார்த்ததும் மச்சான் என் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார்.

இரண்டாவது இடத்தில் ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்கள். விலை மலிவு, தரமும் நன்று. ஆனால் ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230. நடுவே ஒரு மின்மாற்றி வைக்க வேண்டும். மோட்டாருக்கு ஈடுகொடுக்கிற பெரிய மின்மாற்றியின் விலையைக் கூட்டினால் மலிவு என்ற பேச்சே போய்விடுகிறது.

மூன்றாவது இடம் பாக்ரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கொட்டகை. மூடிய தொழிற்சாலைகளின் இயந்திரங்களை வாங்கி விற்கும் சீனர். எழுபது வயதிருக்கும். நான் பேண்ட்சா என்றதும் அவர் விலையைச் சொல்லவில்லை. “மாவு போத்தோங் அப்பா, பாஸ்?” என்றார். என்ன அறுக்கப் போகிறாய்?

காலையிலிருந்து யாரும் என்னை அதைக் கேட்கவில்லை. செங்கால், ஐந்து அங்குலம், ஆணி இருந்த மரம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மூலையில் சாக்கு போர்த்தியிருந்த ஒன்றைக் காட்டினார். வார்ப்பிரும்பு உடம்பு, பதினான்கு அங்குலச் சக்கரம், ஆறு அங்குல உயரம். 1,800 வெள்ளி சொன்னார்.

இனி மச்சானின் வேலை. முதலில் பட்டையைக் கழற்றச் சொன்னார். சக்கரங்களைக் கையால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். கரகரப்பு இருந்தால் பேரிங் போயிருக்கிறது. சக்கரம் ஆடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தார். சக்கரத்தின் மேலிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தினார். வெடித்திருந்தது. அது மாற்றக்கூடியது, விலை பேச உதவும் என்று தமிழில் சொன்னார். உடம்பில் விரிசலோ ஒட்டுப் போட்ட தடமோ இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார். அது இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாமாம். மேசை மேல் நீள அளவுகோலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். பட்டையை இருபுறமும் பிடிக்கும் வழிகாட்டிகளும், பின்னாலிருந்து தாங்கும் பேரிங்கும் சரியாக இருந்தன.

சிக்கல் மோட்டாரில்தான். தொழிற்சாலைச் சாமான் என்பதால் மும்முனை மின்சாரம். வீட்டுக்கு வருவது ஒருமுனை. இன்வர்ட்டர் வைத்தும் ஓட்டலாம், ஆனால் மரத்தூள் புகாமல் அதைக் காப்பாற்ற வேண்டும். ஒன்றரைக் குதிரைத் திறன் ஒருமுனை மோட்டாரை மாற்றிவிடுவதே நிம்மதி என்றார் மச்சான். தவ்கேயிடம் பழைய மோட்டாரைத் திருப்பிக் கொடுப்பதாகப் பேசி, வெடித்த ரப்பரையும் காட்டி, 1,600க்கு இறக்கினோம். மோட்டார் 450, ரப்பர் வளையம் 120, பட்டை இரண்டு 90, லாரி வாடகை 150. ஆக மொத்தம் 2,410. வீட்டு உத்தரவுக்குள் 90 வெள்ளி மீதம்.

பட்டை விஷயத்தில் மூவார் சொர்க்கம். சுருளிலிருந்து வேண்டிய நீளத்துக்கு வெட்டி ஒட்டித் தருகிறார்கள். கனமான மரத்தைப் பிளக்க அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல். பல் குறைவாக இருந்தால்தான் நடுவே தூள் தங்கி வெளியேற இடம் இருக்கும். வளைவு வெட்டக் கால் அங்குலம், அங்குலத்துக்கு ஆறு பல். ஒரே பட்டையால் இரண்டையும் செய்ய நினைத்தால் இரண்டும் கெடும்.

வீட்டுக்கு வந்ததும் விட்டங்களின் மேல் காந்தத்தைத் தேய்த்து ஆணி தேடினேன். பதினோரு ஆணி. எல்லாம் சதுரத் தலை. எந்தக் கை அடித்ததோ தெரியாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

பேண்ட்சா, மரத்தை மேசையை நோக்கித்தான் அழுத்தும். வட்ட ரம்பம்போல ஆள்மேல் திருப்பி எறியாது. அதற்காக அலட்சியம் கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் வேறுபாடு தெரியாத சாமான் அது. கையுறை போடக்கூடாது, கடைசிச் சில அங்குலத்தைக் கட்டையால்தான் தள்ள வேண்டும், உருண்டைக் கட்டையைத் தாங்கி இல்லாமல் வைக்கவே கூடாது.

செங்கால் அவசரத்துக்கு இணங்காது. ஆறடியைத் தள்ளி முடிக்கப் பொறுமை வேண்டும். முதல் பலகை பிரிந்தபோது உள்ளே இளம் மஞ்சள், அதில் மெல்லிய பச்சைச் சாயல். வெளியே இத்தனை ஆண்டு கறுத்துக் கிடந்த மரத்துக்குள் அந்த நிறம் இருந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் மெல்லக் கருக்கத் தொடங்கியது. ஆணி இருந்த இடங்களில் கறுப்புக் கறை அப்படியே நின்றது. “அதை இழைச்சு எடுத்துடாதீங்கப்பா, இருக்கட்டும்” என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.

பன்னிரண்டு பலகைகளும் இப்போது நிழலில் அடுக்கியிருக்கின்றன. ரம்பம் வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான். இயந்திரத்தின் விலையை விசாரிக்கும் முன், அறுக்கப் போகும் மரத்தின் உயரத்தை அளந்து ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். மூவாருக்குப் போவதென்றால் காலையிலேயே புறப்படுங்கள். சத்தே சீக்கிரம் தீர்ந்துவிடும்.