இரவில் கடக்கும் கப்பல்களும் பாறசாலை ரயிலும்

'இரவில் ஒன்றையொன்று கடந்துசெல்லும் கப்பல்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடர் உண்டு. தற்செயலாக ஒருமுறை சந்தித்து, சில சொற்கள் பேசி, பின்பு ஒருபோதும் காணாமலே பிரிந்துவிடும் இருவரைக் குறிப்பது அது. ஒரே வீட்டில் வாழ்ந்தும், வேலைநேரம் வேறுபடுவதால் முகம் பார்த்துப் பேச வாய்க்காத தம்பதியரையும் இன்று அவ்வாறே சொல்கின்றனர்.

இவ்வுவமை அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் கதைப்பாடல் ஒன்றில், 1873இல் வெளிவந்தது. 1893இல் பீட்ரிஸ் ஹாரடன் இதையே தம் நாவலுக்குத் தலைப்பாக்கினார். ஆனால் லாங்ஃபெலோவின் கதையில் வரும் எலிசபெத்தும் ஜானும் பிரிந்தபின் மீண்டும் சந்திக்கின்றனர்; மணமும் புரிகின்றனர். அங்கே கப்பல்கள் வெறுமனே கடந்துபோவதில்லை. சைகை காட்டுகின்றன, குரல் கொடுக்கின்றன. மக்கள் வழக்கிலோ பிரிவு மட்டுமே நிலைத்தது, குரல் உதிர்ந்துவிட்டது.

தமிழில் இதற்கு நெருக்கமாக 'ரயில் சிநேகம்' என்கிறோம். இதில் பேச்சு உதிரவில்லை. பேசாமல் சிநேகம் ஏது?

திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை 1979இல் திறக்கப்பட்டது. அதில் கேரளத்தின் எல்லை நிலையம் பாறசாலை. அங்கே ஏறிய, எழுபத்தைந்தைக் கடந்த அம்மையார் ஒருவர், என் கையிலிருந்த தமிழ் நூலைப் பார்த்து, "மக்களே, எந்த ஊரு?" என்றார். அவருடைய பிறந்த வீடு விளவங்கோடு தாலுகாவில். 1956 நவம்பர் 1ஆம் நாள் அத்தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன்பே நான்காம் வகுப்புவரை மலையாளத்தில் படித்து அவர் பள்ளியை விட்டிருந்தார். அதன்பின் பள்ளி சேர்ந்த தம்பி தமிழில் படித்தார். பாறசாலைக்கு மணமாகி வந்த அக்காளுக்குத் தம்பி எழுதிய கடிதங்களை அடுத்த வீட்டார்தான் வாசித்துக் காட்டினார்களாம். "எல்லாத்தையும் அவன் எப்படி எழுதுவான், ஊரார் வாசிக்கும்போது?" என்றார். கால்மணி நேரத்தில் நெய்யாற்றின்கரை வந்தது, இறங்கிக்கொண்டார். பெயர் கேட்கவும் நேரமில்லை. அதன்பின் அவரை நான் காணவில்லை.

மாநில மறுசீரமைப்பு குறித்து நான் வாசித்த பக்கங்களில் தாலுகாக்களின் பெயர்கள் உண்டு, போராட்டங்கள் உண்டு. உடன்பிறந்தார் இருவரின் கடிதத்தில் எழுதப்படாமல் போனவை அவற்றில் இல்லை. அகராதிகள் இம்மரபுத்தொடருக்குத் 'தற்செயல் சந்திப்பு' என்று பொருள் எழுதி அமைகின்றன. அதனோடு, கடக்கும் நேரத்தில் எழும் குரலையும் சேர்த்து எழுத வேண்டும்.