சினமும் ஒரு பாடமே

ஔவைப் பிராட்டி ஆத்திசூடியில் அறத்தை அடுத்து இரண்டாவதாகவே சினத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். திருமயம் கோட்டையின் நிழலில் நாம் கற்பிக்கும் குழந்தைகள் அதனை மணி மணியாக ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்த மறுகணமே, உட்காரும் இடத்துக்காக இருவர் கட்டிப் புரளுகிறார்கள்!

ஒப்பித்தல் வேறு, பழகுதல் வேறு அன்றோ? இதனை நன்குணர்ந்தவர் மாண்டிசோரி அம்மையார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களைப் பயிற்றுவித்த அவர், 'மௌன விளையாட்டு' ஒன்றை வகுத்திருந்தார். குழந்தைகள் அசையாது அமர்ந்திருக்க, ஆசிரியர் எட்ட நின்று ஒவ்வொரு பெயராக மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பெற்ற குழந்தை ஓசையின்றி எழுந்து வரவேண்டும். காசு செலவில்லை. தன்னை அடக்கவும், தன் முறைக்குக் காத்திருக்கவும் குழந்தை தானே பழகுகிறது. மனத்தைப் பண்படுத்தும் பயிற்சிக்கெனவே 2018-ல் டில்லி அரசாங்கப் பள்ளிகளில் தினமும் ஒரு பாடவேளையை ஒதுக்கினார்கள். தலாய் லாமா அதனைத் தொடங்கி வைத்தார்.

நம் வகுப்பில் இவ்விளையாட்டுடன் வேறொரு வழக்கமும் உண்டு. சண்டையிட்ட இருவரும் தத்தம் நியாயத்தைச் சொல்லலாகாது. எதிராளியின் நியாயத்தையே எடுத்துரைக்க வேண்டும். பென்சிலைப் பறித்த சிறுவன் ஒருவன், "அது சிங்கப்பூரிலேருந்து அவன் அப்பா அனுப்பினது, சார். அப்பா ஞாபகம் வந்துதான் அழறான்" என்றான். சொல்லி முடிக்குமுன்பே பென்சிலை நீட்டிவிட்டான்.

"இதிலேயே நேரம் போனால் கணக்கு என்னாவது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குமுறும் நெஞ்சில் வாய்ப்பாடு ஏறுவதில்லை. நாம் செலவிடும் பத்து நிமிஷத்தைக் கணக்குப் பாடமே வட்டியுடன் திருப்பித் தந்துவிடுகிறது.