கொள்ளிடம் போல ஒரு வழி

கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கினால் அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழியும். இதுவே கிளாக்கோமா. காவிரியின் மிகை வெள்ளத்தை முக்கொம்பில் பிரித்து வாங்கும் கொள்ளிடத்தை அறிந்த ஸ்ரீரங்கத்தாருக்கு இதை விளக்குவது எளிது.

அம்மாவின் வலக்கண்ணில் முன்பு பொருத்திய வடிகுழாய் பயனற்றுப் போயிற்று. அதன் தட்டைச் சுற்றி உடலே தடித்த நார்த்திசுவை வளர்த்து, நீர் கசிந்து வெளியேற விடாமல் தடுத்துவிட்டது. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 30ஐத் தாண்டியது.

"போன பார்வை வருமா?" என்று அம்மா கேட்டாள்.

"வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தத்தான்" என்றார் திருச்சி மருத்துவர்.

சற்று நேரம் பேசாமலிருந்தவள், "அப்ப செஞ்சிடுங்க, டாக்டர்" என்றாள்.

இம்முறை கண்ணின் வேறொரு பகுதியில், மதுரை அரோலாப் தயாரிக்கும் குழாய். அதன் தட்டு 350 சதுர மில்லிமீட்டர், வால்வு கிடையாது. ஆகவே நீர் ஒரேயடியாக வடிந்துவிடாதபடி, கரையும் நூலால் குழாயைக் கட்டிவிடுகிறார்கள். முடிச்சு தளர 5, 6 வாரங்கள் ஆகும். அதுவரை சொட்டு மருந்துதான் துணை.

இழந்தது மீளாது என்றறிந்தும், எஞ்சியதற்காக மறுமுறை கண்ணைக் கத்திக்குக் கொடுப்பதை நாம் துணிவு என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.