பதினேழாம் நம்பர்

உங்கள் வீட்டு பீரோவில், எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் கேஸ் புத்தகத்துக்கும் நடுவே ஒரு மெடிக்ளெய்ம் பாலிசி தூங்கிக்கொண்டிருக்கும். என்றைக்காவது அதைக் கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறீர்களா? நானும் படித்ததில்லை. இத்தனைக்கும் நான் பி.காம். ஊருக்கெல்லாம் பட்ஜெட்டை விளக்கி எழுதுகிறவன். என் பாலிசியை நான் படிக்க ஓர் ஆஸ்பத்திரி பில் வரவேண்டியிருந்தது.

என் மனைவிக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரு வருடமாக மாதவிலக்கின்போது அளவுக்கு அதிகமான ரத்தப்போக்கு. "கர்ப்பப்பையை எடுக்க அவசரப்பட வேண்டாம். காப்பர்-டி மாதிரியே, ஹார்மோன் உள்ள ஒரு சாதனம் இருக்கு. உள்ளே வெச்சுட்டா ரத்தப்போக்கு குறையும்" என்றார் டாக்டரம்மா. காலையில் அட்மிஷன். 'டி அண்ட் சி' செய்து, கையோடு அந்தச் சாதனத்தையும் பொருத்தி, சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். சேலையூர் வீட்டுக்கு வந்து ராத்திரி தோசை சாப்பிட்டோம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டி அண்ட் சி'க்குப் பணம் கொடுத்தது. சாதனத்தின் விலையை மட்டும் வெட்டிவிட்டது. காரணம் ஒரே வரி: கருத்தடைச் செலவு, விலக்கு எண் 17.

வேடிக்கையைப் பாருங்கள். காத்திருப்புக் காலமெல்லாம் தாண்டிய பாலிசி அது. கர்ப்பப்பையையே எடுத்திருந்தால் அந்தப் பெரிய பில்லைக் கொடுத்திருப்பார்கள். காப்பாற்றியதற்குக் கிடையாது!

அப்புறம்தான் பாலிசியைத் தூசி தட்டினேன். எந்தெந்தச் செலவை விலக்கலாம், அதை எந்த வார்த்தைகளில் எழுதவேண்டும் என்று 2019-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு பொதுப் பட்டியல் போட்டது. அதில் 17-வது எண், மலட்டுத்தன்மை என்ற தலைப்பில் வருகிறது. எல்லா வகைக் கருத்தடையும், கு.க. ஆபரேஷனும், செயற்கைக் கருத்தரிப்பும் அதற்குள் அடக்கம். குழந்தை வேண்டாம் என்பவரையும், ஒரு குழந்தை பிறக்காதா என்று ஏங்குகிறவரையும் ஒரே வரியில் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

டாக்டரம்மாவிடம், இது சிகிச்சைக்காக வைத்தது என்று எழுதி வாங்கி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பணம் வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் மார்தட்டினேன்.

மனைவி நிதானமாகக் கேட்டாள்: "வியாதின்னு எழுதினதால வந்துச்சு. இதையே நான் இன்னொரு குழந்தை வேண்டாம்னு வெச்சிருந்தா? அது என்னங்க, நகை வாங்கின செலவா?"

என்னிடம் பதில் இருந்தது. கல்லூரியில் மனப்பாடம் செய்ததுதான். எப்போது வரும், வருமா வராதா என்று தெரியாத நஷ்டத்துக்குத்தான் இன்ஷூரன்ஸ். நாமே திட்டமிட்டுச் செய்கிற செலவுக்குக் கிடையாது. தீபாவளிச் செலவுக்கு யாராவது இன்ஷூரன்ஸ் கொடுப்பார்களா? எல்லாவற்றையும் சேர்த்தால் எல்லோருக்கும் பிரீமியம் ஏறும். கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறது.

"அப்ப உங்க ஆபீஸ் பாலிசியில பிரசவத்துக்குக் கொடுக்கறாங்களே?"

மாட்டிக்கொண்டேன். பிரசவத்தைப் போல மாதக்கணக்கில் முன்கூட்டித் தெரிகிற செலவு வேறு என்ன இருக்கிறது? வருடாந்திர ஹெல்த் செக்கப் கொடுக்கிற பாலிசிகளும் இருக்கின்றனவே, அது மட்டும் எதிர்பாராத விபத்தா?

எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் பெண், தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். 1984-ல் ஏற்றுமதிக்காக வந்த வளாகம் அது. அவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. இ.எஸ்.ஐ. விதிப்படி, கு.க. ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண் தொழிலாளிக்கு 14 நாள் முழுச் சம்பளம். ஆணுக்கு 7 நாள். ஓய்வுக்கும் காசு கொடுக்கிறார்கள்! அதுவும் இன்ஷூரன்ஸ்தான் சார். பெயரிலேயே இருக்கிறதே, தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் என்று. 2017-ல் அதற்கான சம்பள வரம்பை 21,000 ரூபாய் ஆக்கினார்கள். அந்த வரம்பைத் தாண்டிச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பிரைவேட் பாலிசியோடு ஓ.எம்.ஆர். பஸ் பிடிக்கிற பெண்ணுக்குப் பதினேழாம் நம்பர்!

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்கிறார்களே என்பீர்கள். உண்மை. 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. கருத்தடைப் பொருள்களுக்கு ஜி.எஸ்.டி.கூடக் கிடையாது. ஆனால், பிரசவத்துக்கு பிரைவேட் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணிடம், கருத்தடைக்கு மட்டும் ஜி.ஹெச்.சுக்குப் போ என்று சொல்வது என்ன நியாயம்? அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம் இதை நோய்த்தடுப்புச் சேவையாகக் கருதி, பெரும்பாலான பாலிசிகளில் சேர்க்க வைத்தது. முதலாளியின் மத நம்பிக்கையைக் காட்டி அங்கே சுப்ரீம் கோர்ட்வரை வழக்கு போனது வேறு கதை.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? ஒரு சதவீதம்கூட இல்லை. ஆண்களுக்கான ஆபரேஷன் சுலபம், தையல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. எனக்கும் தெரியும். இரண்டாவது பையன் பிறந்த வருடம், "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன். பையன் இப்போது ப்ளஸ் ஒன். அத்தனை வருடமும் அந்தப் பொறுப்பைச் சுமந்தது அவள்தான். மாத்திரை, காப்பர்-டி, டாக்டர் ஃபீஸ், எல்லாம் மளிகைக் கணக்கோடு போனது. நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. பதினேழாம் நம்பரைக் கம்பெனி மட்டுமா எழுதியது?

ஒரு விஷயம். ஆணையம் 17-ஐ விலக்கியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. விலக்குவதானால் இந்த வார்த்தைகளில் எழுது என்றுதான் சொன்னது. ஆபீஸ் குரூப் பாலிசியில் என்ன இருக்கவேண்டும் என்பதைப் பேசி முடிவு செய்வது உங்கள் கம்பெனிதான். அடுத்த ரென்யூவல் வரும்போது ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கேட்கிறவர் ஆணாக இருந்தால் இன்னும் நல்லது.

நான் கேட்டுவிட்டேன். ஹெச்.ஆர். மேனேஜர் ஒரு விநாடி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "சார், இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லை" என்றார்.