பூட்டியின் பாம்படமும் பாட்டியின் பட்டும்

பெண்களுக்கு நகையாசை மிகுதி என்று கேலி பேசுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு என்பதை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி எங்களுக்குக் கற்பித்தது.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும் வரை இது திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. பாட்டியின் தாயாரை நாங்கள் பூட்டி என்போம். அவரைப் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறோம். காதுகள் தோளைத் தொட, அவற்றில் பாம்படம் தொங்குகிறது. சிறு வயதிலேயே காது குத்தி, குணுக்கு என்னும் கனமான அணியை மாட்டித் துளையைப் பெரிதாக்குவார்களாம். பாம்படம் என்பது பொன் தகட்டால் செய்து, உள்ளே அரக்கு நிரப்பிய அணி.

1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. சீதனம் பெற்றவளுக்கு அதுவும் இல்லை. ஆகவே பூட்டிக்கு அந்தப் பாம்படமே வயல், அதுவே தென்னந்தோப்பு.

1958-இல் எங்கள் பாட்டி ஆசிரியப் பயிற்சிக்குப் போக விரும்பினார். "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தச் செலவு?" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். பூட்டி வாதாடவில்லை. பாம்படத்தைக் கழற்றி விற்றுப் பணத்தை மகள் கையில் கொடுத்தார். "இது என் அப்பா எனக்குத் தந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை" என்றாராம். அதன்பின் இறக்கும்வரை வெறுங்காதோடுதான் இருந்தார்.

பாட்டி ஆசிரியையாகி, தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய காஞ்சிபுரம் பட்டு இன்றும் பெட்டியில் இருக்கிறது. மாம்பழ மஞ்சளில் உடல், கருஞ்சிவப்பில் கரை. இது கோர்வைச் சேலை. உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இழையோடு இழை கோத்து நெய்வார்கள். இதற்குத் தறியில் துணையாள் ஒருவரும் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அதை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி, வெள்ளைத் துணியில் சுற்றி வைப்பது பேத்திகளாகிய எங்கள் வேலை. ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறிந்துவிடும்.

1986-இல் மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1951 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது என்றும், இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றும் கூறியது. அதன்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அந்தத் தீர்ப்பைக் கேட்கப் பூட்டி உயிரோடு இல்லை. செய்தித்தாளை உரக்கப் படித்துவிட்டுப் பாட்டி வெகுநேரம் பேசாமல் இருந்தாராம்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டு முதிய பெண்களிடம் என்னென்ன நகை இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நகை இப்போது இல்லை, அது எதற்காகப் போயிற்று என்றும் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவி