கூலிக்குத்தான் பேரம்

திங்கள்

மருமகனின் டொல்பின் வான் எங்கள் தீவின் மடத்துவெளியில் நின்றுவிட்டது. நயினாதீவுத் திருவிழாச் சனத்தை யாழ்ப்பாணத்தில் ஏற்றிக் குறிகட்டுவானில் இறக்குவதுதான் ஆனியில் அவனுடைய பிழைப்பு. வாணர் பாலத்தில் வரும்போதே ஊசி சிவப்புக்குப் போயிருக்கிறது. சனத்தை வேறொரு வானில் ஏற்றிவிட்டு, வாங்கின காசில் பாதியை அந்த வான்காரரிடம் கொடுத்திருக்கிறான். பின்னேரம் உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துக் கராஜில் விட்டோம். கராஜ் என்றால் ஒரு பூவரசும் தகரக் கொட்டிலும்.

செவ்வாய்

டொல்பினின் எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. ஆசனத்தைத் தூக்கிவைத்த மெக்கானிக் தம்பி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக ஸ்பனரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டான், குழாய்களைத் தடவினான், நிறுத்தினான், பீடி பற்றவைத்தான். "சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறான், மாமா" என்று மருமகன் என் காதுக்குள் முணுமுணுத்தான்.

பார்ப்பதுதான் இந்த வேலையில் பெரும்பங்கு. றேடியேற்றர் மூடி சதுர சென்றிமீற்றருக்கு 0.9 கிலோ அளவுக்கு அமுக்கத்தைப் பிடித்துவைக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் 120 பாகைக்குக் கிட்டவரை தாங்குகிறது. மூடியின் றப்பர் போனாலும் ஊசி சிவப்புக்குத்தான் போகும். பம்ப் ஒழுகினாலும், றேடியேற்றர் அடைத்தாலும், ஹெட் கஸ்கற் எரிந்தாலும் அதே சிவப்புத்தான். எது என்று பிரித்தறிய எஞ்சினைச் சூடாக்க வேண்டும். ஆறவிட்டுத்தான் மூடியைத் திறக்கலாம். பிறகு இன்னொரு தரம் சூடாக்க வேண்டும். "அவசரப்பட்டுத் திறந்தா முகம் வெந்துபோம், மாஸ்ரர்." அவனுடைய முன்கையில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது.

மத்தியானத்துக்குப் பிறகுதான் சொன்னான். பம்பின் அடித்துளையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. றேடியேற்றர் பாதிக்கு மேல் அடைத்துவிட்டது. தேர்மோஸ்ரற்றை முன்பே யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

வெயில் நாட்டுக்குத் தேர்மோஸ்ரற் தேவையில்லை என்பது இங்கே பலருக்கு வேதவாக்கு. பல எஞ்சின்களில் அதன் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். சூடேறியதும் சுற்றுவழியை அடைத்து, தண்ணீர் முழுவதையும் றேடியேற்றருக்குத் திருப்பிவிடுவது அதுதான். கழற்றிவிட்டால் சுற்றுவழி திறந்தபடியே கிடக்கும். ஒரு பகுதி தண்ணீர் ஆறாமலே சுற்றி வரும்.

தம்பிக்குத் தொழில் பழக்கினவர் 1990க்குப் பிந்தின எரிபொருள் தடைக்காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, புகைக்கும், இருமும். சூட்டைத் தணிக்க மட்டுமல்ல, பிடித்துவைக்கவும் தெரிந்திருந்த தலைமுறை அது. இவனும் அவரிடம் கற்றவன் என்பதால்தான் தேர்மோஸ்ரற்றில் பிடிவாதம்.

புதன்

றேடியேற்றரை உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம். வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம். பழைய செம்பு றேடியேற்றர் என்பதால் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றி, குழாய்களுக்குள் கம்பி விட்டு அடித்து, திரும்ப ஒட்டலாம். பிளாஸ்ரிக் தொட்டி வைத்த அலுமினிய வகையென்றால் புதிது வாங்குவதுதான் வழக்கம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ரூபாயும் விழுந்தது. இந்த வான்களையெல்லாம் ஓட்டி வைத்திருந்தது இப்படி அடித்து ஒட்டுகிற கைகள்தான்.

வியாழன் இரவு

எல்லாம் பூட்டி, காற்று எடுத்து முடிய இருட்டிவிட்டது. கணக்கு: பம்ப் 16,500. தேர்மோஸ்ரற் 3,200. மூடி 1,400. கூலன்ற் 6,000. யாழ்ப்பாணத்தில் றேடியேற்றர் அடித்தது 6,500. தம்பியின் கூலி 8,000.

கடைக்காரர் கேட்ட விலைக்கு வாய் திறக்காத மருமகன், 8,000 என்றதும் கொதித்துவிட்டான். "ரெண்டு பொருள் மாத்தினதுக்கு எட்டாயிரமோ? அஞ்சு தாறன்." போன மாதம் மதில் கட்டின மேசனுக்கு நாளுக்கு 4,500 கொடுத்தவனும் இவன்தான். மதில் உயர்வது கண்ணுக்குத் தெரிகிறது. செவ்வாய்க்கிழமை முழுக்கத் தம்பி செய்தது யாருக்கும் தெரியவில்லை.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானிடம் தொலைபேசியில் சொன்னேன், சிரித்தார். அங்கே எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் என்று கையேடே இருக்கிறது. மணிக்கு 100 டொலருக்கு மேல். கோளாறைக் கண்டுபிடிக்கத் தனிக் கட்டணம். சில கார்களில் பம்ப் ரைமிங் பெல்ற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பம்பின் விலையைக் கூலி பல மடங்கு தாண்டும். ஆனால் அங்கே விலையை எழுதிக் காட்டிவிட்டுத்தான் கை வைப்பார்களாம். வேலை முடிந்தபிறகு தொகை சொல்கிற எங்கள் வழக்கம் தம்பிக்கும் நல்லதில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த இழுபறி பாதியாவது குறைந்திருக்கும்.

வெள்ளி

காலையில் தம்பி ஒரு வெற்றுக் கான் கொண்டுவந்து மருமகனின் முன்னால் வைத்தான். "இனிக் கிணத்துத் தண்ணி விட்டா என்னட்டை வராதேங்கோ." இந்தத் தீவு சுண்ணாம்புக்கல். மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது; கோடையில் இறைக்க இறைக்க உவர் மேலே வரும். குடிக்கப் பவுசர் தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீட்டில், வானுக்கு மட்டும் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்பு சூடான இடத்தில் படியும்; உப்பு உலோகத்தை அரிக்கும்.

கடைசியில் மருமகன் 8,000ஐயும் எண்ணிக் கொடுத்தான், முகத்தைச் சுழித்தபடி. மூடியையும் பெல்ற்றையும் திரும்பப் பார்க்க அடுத்த கிழமை வரச்சொன்ன தம்பி, அதற்குக் காசு வேண்டாம் என்றான். அதையும் கணக்கில் எழுது என்றேன்.

"நீங்கள் ஒராள் சொன்னாக் காணாது, மாஸ்ரர். மற்றாக்கள் வேற கராஜுக்குப் போயிடுவினம்."