கறுப்பு திருப்பித் தரும் வெளிச்சம்

கறுப்பில் பார்க்க என்ன ஷேடு இருக்கிறது என்ற நினைப்போடுதான் திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் அந்தச் சாயப்பட்டறையின் லேபுக்குள் போனேன். லேபைக் கவனிக்கும் பெண், அப்போதுதான் உலர்த்தி எடுத்த லேப் டிப்பை, அதாவது சோதனைக்குச் சாயமேற்றிய துண்டுத் துணியை, விசிறிக்கொண்டிருந்தார்.

"சூடு ஆறட்டுங்கண்ணா. சூட்டோட அளந்தா ஷேடு வேற காட்டும்."

ஆறியதும் நாலாக மடித்தார். ஒற்றையாக வைத்தால் பனியன் துணியின் கண்ணிகள் வழியே வெளிச்சம் பின்பக்கம் போய்விடும். மடித்ததை ஸ்பெக்ட்ரோ மெஷினின் வாயில் வைத்தார். உள்ளே வெள்ளை பூசிய ஓர் உருண்டை. விளக்கு ஒரு கணம் மின்னியதும் அந்தச் சுவரில் பட்டுப் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் துணிமேல் வெளிச்சம் விழுகிறது. துணி அதை எல்லாத் திசைக்கும் இறைக்கிறது. 8 டிகிரி சாய்வில் காத்திருக்கும் லென்ஸுக்குக் கிடைப்பது ஒரு கீற்று. வெள்ளைத் துணிக்கு அதுவே தாராளம். நல்ல கறுப்போ விழுந்ததில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் திருப்பித் தரும். நீலமடிக்கிறதா, சிவப்படிக்கிறதா என்று அந்தச் சொச்சத்துக்குள் தேட வேண்டும்.

அதனால் காலையில் முதல் வேலை, மெஷினுக்குப் பூஜ்யம் எதுவென்று காட்டுவது. உள்ளே கறுப்படித்த சின்னக் கூடு அதற்கு. பெயர் லைட் டிராப். போன வெளிச்சம் திரும்பாது. "இதுல தூசி பட்டுச்சுன்னா அன்னிக்குப் பூரா கறுப்பு தப்பாத்தான் வரும்" என்றார். பனியன் ஊரில் பஞ்சு ஒட்டாத இடம் ஏது!

அணுவைப் பிடித்துவைத்துப் பார்ப்பவர்கள் பாடும் இதேதான். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் லேசரால் அணுக்களைக் குளிர்வித்து நிறுத்தும் ஆய்வகங்கள் உண்டு. அணு சிந்தும் ஒளி எத்திசையும் போகும். நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரிவரை விரியும் ஒளியை வாங்குகிற பெரிய லென்ஸுக்கே நூற்றில் 7 பங்கு தேறாது. இன்னும் கிட்டே போகலாமென்றால் வெற்றிடக் கூட்டின் கண்ணாடி ஜன்னல் குறுக்கே நிற்கும். அதன் தடிமன் பிம்பத்தைக் கலைக்கும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் லென்ஸ்களை அடுக்க வேண்டும். சுவரில் தெறித்துவரும் லேசர் வெளிச்சத்தை வெளியே நிறுத்துவது தனிப் பாடு. 1928இல் ராமனும் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தாவில் தொலைநோக்கி லென்ஸால் வெயிலைக் குவித்துத் திரவத்தில் பாய்ச்சினார்கள். அதிலிருந்து மங்கலாகச் சிதறிய புது நிறத்தை முதலில் கண்டது வெறும் கண்தான்.

இங்கும் முடிவு கண்ணிடம். திரையில் பையரின் மாதிரிக்கும் இதற்கும் நிற வித்தியாசம் 0.7, துணியை வாங்கும் பையர் 1 வரை ஏற்பார். பாஸ் என்றே நினைத்தேன். லேப் பெண் அந்த மாதிரியையும் லேப் டிப்பையும் சாம்பல் பூசிய லைட் பாக்ஸுக்குள் ஒட்ட வைத்தார். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் இரண்டும் ஒரே கறுப்பு. ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கான டிஎல்84ஐத் தட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்துக் காட்டிய பிறகு, லேப் டிப்பில் லேசாகச் செம்மை. கடைக்குள் ஒரே கறுப்பென்று நான் வாங்கிய சட்டையும் பேண்டும் தெருவுக்கு வந்ததும் வேறு வேறாகிப் போன மர்மம் அப்போதுதான் விளங்கியது.

"மாஸ்டர், சிவப்படிக்குதுங்க!"

மாஸ்டர் வந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு பார்வைதான்.

"எந்தத் தண்ணில போட்ட?"

"ஆர்ஓ தண்ணிங்க."

2011இல் சாயக்கழிவுக்காக உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவிலிருந்து மீட்ட தண்ணீரை வைத்துத்தான் இங்கே சாயம்.

"சரி, சிவப்பக் கொஞ்சம் குறைச்சு இன்னொண்ணு போடும்மா."

அவர் அதற்குள் பைப்பெட்டை எடுத்திருந்தார்.